முதல் கையில் ஏழு, எதிர்க்கையில் எட்டு

பிள்ளைகளுக்கு மூளைக்கு வேலை தரும் விளையாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் எடுத்த எடுப்பில் சதுரங்கப் பலகையை விரித்துவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் குதிரையைக் கட்டத்தை விட்டு இறக்கி, சோபா மேல் ஓட்டிக்கொண்டு போய்விடும். என் மகனிடம் நான் செய்த தப்பு அது. பேத்தியிடம் செய்யவில்லை. எங்கள் ஆச்சி எனக்கு எந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தாளோ அதே வரிசையில் போனேன்: தாயம், பல்லாங்குழி, ஆடு புலி. சீட்டு மட்டும் ஆச்சிக்குத் தெரியாமல் நானாகப் பழகியது.

தாயத்தில் தொடங்குவதற்குக் காரணம், அதில் பிள்ளை நிஜமாகவே ஜெயிக்கும். நாம் விட்டுக்கொடுத்து நடிக்க வேண்டியதில்லை. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது பக்கம் வெறுமை. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதில்தான் பிள்ளைகள் அழுவார்கள். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம், அதில் இரண்டே இரண்டில்தான் தாயம். அதனால் சின்னவர்களுக்கு ஒரு காயை முதலிலேயே இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

கொஞ்சம் பழகியதும் ஒரு சூட்சுமம் சொல்லலாம். அந்த 16-இல் அதிகமாக விழுவது மூன்று; அது நான்கு விதத்தில் விழும். எனவே எதிராளி காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால், மலை (காயை வெட்ட முடியாத கட்டம்) இல்லாத இடத்தில் போய் நிற்கக்கூடாது. நின்றால் வெட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். ஆச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் "மூணுக்கு முன்னால குந்தாதே" என்பாள்.

அப்புறம் பல்லாங்குழி. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வீட்டில் பலகை இருக்கிறது, அலமாரியில் அழகுக்கு நிற்கிறது. குழி 14, ஆளுக்கு ஏழு. முத்துக்குப் புளியங்கொட்டை போதும்; சோழி அழகாக இருக்கும், ஆனால் கைநிறைய அள்ளினால் விரலிடுக்கில் நழுவும். ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கள் வீட்டு விதி இது: குழிக்கு ஐந்து, ஆக 70 முத்து. உங்கள் பக்கக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே எதிர்வரிசையில் திரும்பி வர வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் உள்ளது உங்களுக்கு. ஆட்டம் எதிராளிக்குப் போகும். அதுவும் வெறுமை என்றால் கை கழுவ வேண்டியதுதான். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. யார் பக்கக் குழியோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம், ஆடுவது யாராக இருந்தாலும் சரி.

விதி அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டால் பிள்ளை கைக்கு வந்த குழியை அள்ளும். அங்கேதான் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். முதல் ஆட்டத்தில் எந்தக் குழியில் தொடங்கினாலும் ஒன்றே, எல்லாவற்றிலும் ஐந்துதானே. ஐந்து முறை அள்ளுவீர்கள், கடைசியில் ஏழு முத்து கிடைக்கும். சந்தேகம் இருந்தால் போட்டுப் பாருங்கள். நீங்கள் இடது ஓரக் குழியில் தொடங்கினீர்கள் என்று வையுங்கள். இப்போது எதிரில் இருப்பவர் பக்கத்தில் அவருடைய இடது கையிலிருந்து எண்ணினால் 7, 7, 7, 7, 0, 1, 7 என்று இருக்கும். புதிதாக ஆடுபவர் எல்லாரும் ஏழைத்தான் அள்ளுவார்கள். முதல் ஏழை அள்ளினால் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வழித்ததும் பசுவுமாக அவருக்கு ஏழு. ஆனால் வழியில் உங்கள் பக்கத்தில் ஒரு பசு விழும், உங்களுக்கும் நான்கு. அதற்குப் பதிலாக அந்த ஒற்றை முத்தை எடுத்தால்? பக்கத்துக் குழியில் போட்டு, உங்கள் பக்கத்து இரண்டை அள்ளி, அப்புறம் எட்டை அள்ளி, கடைசி முத்து வெறும் குழிக்கு முந்திய குழியில் போய் நிற்கும். அந்த வெறும் குழி அவரே முதலில் காலி செய்தது. அதைத் துடைத்தால் எட்டு! உங்களுக்கு ஒன்றும் இல்லை.

பேத்தி இதை முதலில் நம்பவில்லை. முத்துகளைத் திரும்ப அடுக்கச் சொன்னாள். மறுபடி எட்டு வந்ததும் என்னைப் பார்க்கவே இல்லை, பலகையைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அள்ளும் முன் உதட்டசைத்து எண்ணுகிறாள். விரல் வைத்து எண்ண மட்டும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் விரல் பலகையைத் தொட்டால் அந்தக் குழியைத்தான் ஆட வேண்டும்.

ஒரு ஆட்டம் முடிந்ததும் கையில் உள்ளதை மறுபடி ஐந்தைந்தாக நிரப்புவோம். நிரப்ப முடியாத குழியில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை வைத்து மூடிவிடுவோம், அடுத்த ஆட்டத்தில் அதில் யாரும் முத்து போடக்கூடாது. ஏழு குழியும் மூடும்வரை ஆடலாம். ஒரு மழைக்கால மாலை முழுக்க ஓடும்.

ஆடு புலிக்குப் பலகை வேண்டாம். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடு கீழே விரிந்து இறங்கும், அடியில் ஒரு கோடு அவற்றைச் சேர்க்கும். குறுக்கே மூன்று கோடு, இருபுறமும் வெளியே நீளும்படி. அவற்றின் நுனிகளை இடமும் வலமும் ஒரு கோட்டால் மூடுங்கள். எண்ணினால் 23 இடம் வர வேண்டும். பழைய கோயில் மண்டபத் தரைகளில் இதைச் செதுக்கி வைத்திருப்பார்கள், அடுத்த முறை காலடியைப் பாருங்கள். புலி மூன்று, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை அவை நகராது. புலி முதலிலிருந்தே நகரும், நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டி வெறும் இடத்தில் குதித்தால் ஆடு போச்சு. எல்லாப் புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

புலியாக ஆடுவது சுலபம். ஆட்டைச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. குறுக்குக் கட்டத்தின் நான்கு மூலை, அடிக்கோட்டின் இரண்டு முனை: இந்த ஆறு இடத்திலும் கோடு முடிந்துபோகிறது, தாண்டிக் குதிக்க இடமில்லை. முதல் ஆறு ஆட்டை அங்கே வையுங்கள். மூலைகள் நிரம்பியதும் பக்கக் கோட்டு நடுப்புள்ளிகள் இரண்டும், அடிக்கோட்டு உள்புள்ளிகள் இரண்டும் தானாகவே பத்திரமாகிவிடும். புலி முந்திக்கொண்டு அங்கே வந்து உட்காராதவரை, பத்து ஆடு சேதமில்லாமல் நிற்கும். மிச்சம் ஐந்தை அடியிலிருந்து மேலே ஏற்றுங்கள், முதுகுக்குப் பின்னால் ஓர் ஆடு இருக்கும்படி. நடுவில் அநாதையாக ஒன்றை வைத்தால் போயிற்று. இதைத் தெரிந்த புலிக்காரர் முதலில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வார், அப்போது ஆட்டம் சூடுபிடிக்கும்.

சதுரங்கம் இதற்கப்புறம் வந்தால் போதும். தானாகவே ஏறும்.

சீட்டு நான் வேலைக்குப் போனபின் பாசஞ்சர் ரயிலில் பழகியது. நாலு பேர், முழங்கால்கள் மேல் ஒரு துண்டு, முந்நூத்தி நாலு. ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304, பேர் வந்தது அப்படித்தான். எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை என்பதால் புதியவர்கள் அவற்றைக் குப்பை மாதிரி முதலில் தள்ளிவிடுவார்கள். துருப்பில், அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தில், அவை இருந்தால் தள்ளாதீர்கள். இறக்கிய இனம் உங்கள் கையில் இல்லாதபோது, துருப்பு ஏழு எதிராளியின் ஜாக்கியையே வெட்டும். நான் ஒரு முறை அந்த ஏழைப் போட்டுத் தீர்த்துவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரும்வரை என் கூட்டாளி ஒரு வார்த்தை பேசவில்லை.