தெர்மாகோல் இறக்கை சப்பிப்போனபோது

எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானமான கிளைடரின் மாதிரி ஒன்றுக்கு இறக்கை செய்துகொண்டிருந்தேன். உள்ளே தெர்மாகோல், மேலே எபாக்சி பிசினில் தோய்த்த கண்ணாடியிழைத் துணி. பையில் இட்டுப் பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டு, சீக்கிரம் இறுகட்டும் என்று பக்கத்தில் ஹீட்டரையும் வைத்தேன். காலையில் பிரித்தால், 22 மில்லிமீட்டர் தடிமன் இருந்த நடுப்பகுதி 17 ஆகியிருந்தது!

பம்பைத் திட்டிப் பயனில்லை. பைக்குள் முழு வெற்றிடம் என்றால், வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்தும். கனமீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் அதில் முக்கால் பங்கிலேயே நசுங்கத் தொடங்கிவிடும். தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் முழுவதும் தளர 100 டிகிரி வேண்டும்தான். ஆனால் வலு அதற்கு வெகு முன்பே குறைகிறது. போதாததற்கு, எபாக்சி இறுகும்போது எழும் சூட்டையும் நுரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

மிஞ்சிய துண்டைக் கட்டைவிரலால் சட்டென்று தட்டினேன், மீண்டுவிட்டது. செங்கல்லை இரவு முழுவதும் வைத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. தெர்மாகோலின் நுண்ணிய கண்ணறைகளுக்குள் அடைபட்ட காற்று அந்த ஒரு நொடிக்குத் தோள் கொடுக்கிறது, இரவு முழுவதும் அல்ல.

அடுத்த முறை குழாயில் கொஞ்சம் காற்றை உள்ளே விடும் கசிவு வால்வு பொருத்தி, அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தினேன். பிசினை மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனர், மிகையான பிசினை வழித்தெடுத்த துணி, ஹீட்டருக்கு ஓய்வு. பையைப் பிரிக்க ஒரு நாள் முழுதும் காத்திருக்க வேண்டியிருந்தது. தடிமன் அளக்கும் காலிப்பர் 21.5 காட்டியது.