மருந்து வேலை செய்யுதான்னு டாக்டருக்கு டேட்டாவோட காட்டுறது எப்படி?

ஆட்டிசம் இருக்கற பையனுக்கு சைக்கியாட்ரிஸ்ட் ரிஸ்பெரிடோன் எழுதப் போறார்னு வைங்க (அமெரிக்காவுல மருந்துகளுக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ 2006ல 5 முதல் 16 வயசு வரைக்கும், ஆட்டிசத்தோட வர்ற எரிச்சல், ஆக்ரோஷத்துக்குன்னு ஒப்புதல் குடுத்த மருந்து). டோஸ் முடிவு டாக்டரோடது, பிஹேவியர் அனலிஸ்ட் (பையனோட நடத்தையை அளந்து, அதை மாத்த பிளான் போடற நம்ம மாதிரி ஆளுங்க) அதுல கை வைக்கக்கூடாது. நம்ம வேலை டேட்டா.

அவசரம் இல்லன்னா மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேஸ்லைன் (மருந்து இல்லாதப்ப நிலைமை எப்படின்னு ஒரு கணக்கு) எடுத்துடுங்க. "கோபமா இருந்தான்"னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, "கையால தலையில அடிச்சுக்கறான், மணிக்கு இத்தனை தடவை"ன்னு எண்ணுங்க, எப்ப, எதுக்கு அப்புறம் நடக்குதுன்னும் குறிச்சுக்கோங்க, ஏன்னா ஹோம்வொர்க்குல இருந்து தப்பிக்க அடிச்சுக்கறான்னா அந்தக் காரணத்த மாத்திரை மட்டும் மாத்திடாது.

தூக்கம், பசி, எடை, பாடத்துல கவனம் எல்லாத்தையும் சேர்த்தே பாருங்க. நாள் பூரா தூங்கி வழிஞ்சா அடிக்கிறது குறையத்தான் செய்யும், அதைப் போய் வெற்றின்னு சொல்லிடாதீங்க! டோஸ் ஏத்தினப்புறம் உட்காரவே முடியாம நடந்துகிட்டே இருந்தா அது அகதீசியாவா (மருந்தோட பக்கவிளைவா வர்ற, சும்மா இருக்க விடாத தவிப்பு) இருக்கலாம், அதைப் பார்த்து பிஹேவியர் மோசமாயிடுச்சுன்னு நினைச்சு டோஸை இன்னும் ஏத்தற ஆபத்து இருக்கு, அதனால உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

டோஸ் மாறுற வாரத்துல நீங்க பிஹேவியர் பிளானை மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. முடிஞ்சா டோஸ் எப்ப மாறுச்சுன்னு தெரியாத ஒருத்தர எண்ண வைங்க. டாக்டருக்கு டைம் கம்மி, அதனால ஒரே பக்கம், ஒரு கிராஃப், டோஸ் மாறின தேதியில எல்லாம் செங்குத்தா ஒரு கோடு, அவ்ளோதான்.