காட்டூருக்கு ஒரு டிக்கெட்: திக்குகிறவர்களுக்கு ஒரு திக்குவாயன் எழுதுவது

என் வீடு திருச்சி காட்டூரில். வேலை பாலக்கரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவது. பத்து வருடத்துக்கும் மேல் பஸ்ஸில் ‘அரியமங்கலம்’ என்று டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். ‘கா’ என் வாயில் மாட்டிக்கொள்ளும். தாண்டி இருக்கிற திருவெறும்பூரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் ‘தி’யும் அப்படித்தான். பின்னால் நிற்பவர் “சீக்கிரம் சொல்லுப்பா” என்று விட்டால் அரியமங்கலமும் வராது.

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத் திக்கும் என்கிறார்கள். அப்பாயி நாக்கில் வசம்பு தேய்த்தார். யாரோ கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லை, இன்றும் திக்குகிறது. ஆனால் அந்த நடை நின்றுவிட்டது. அது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எத்தனை தடவை திக்கினீர்கள் என்று அதில் எழுத வேண்டாம். எங்கே நழுவினீர்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். என் நோட்டில் இருந்தவை: போன் அடித்ததும் பாத்ரூம் போனது, ஒரு நிச்சயதார்த்தத்தில் பெயர் கேட்டவரிடம் கடைக் கார்டை நீட்டியது (பெயருக்குத்தான் வேறு சொல் போட முடியாதே), ஏழு நாளும் டீ குடித்தது. எனக்குப் பிடித்தது காபி.

அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன், தானும் திக்கியவர். திக்குவதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறை என்றார். காதில் விழுகிற திக்கல் மேலே தெரியும் நுனி. வெட்கமும் பயமும் நீருக்கு அடியில். அந்த அடிப்பாகம் எனக்கு நோட்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது, நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. “எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரமாகும்.” அவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் எனக்குப் பாதி இறுக்கம் போய்விட்டது.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: வேண்டுமென்றே திக்குங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிற முறைதான் இது. உங்களுக்குச் சுலபமாக வருகிற எழுத்தில் ஆரம்பியுங்கள். டீக்கடையில் நின்று, மாஸ்டர் முகத்தைப் பார்த்தபடியே, “ச... ச... சக்கரை கம்மியா” என்றேன். காது சூடாகிவிட்டது. அவர் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார், அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார். இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்றிருந்தது. தானாகத் திக்கும்போது கழுத்து இறுகும். நாமாகத் திக்கும்போது இறுகாது. அந்த வித்தியாசம் பிடிபடும்வரை செய்யுங்கள். அப்புறம்தான் காபி கேட்டேன்.

எல்லாரும் சிரிக்காமல் இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சிரிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அன்று ராத்திரி நோட்டில் அதையும் எழுதுவேன்: சிரித்தார்கள், சொல்லி முடித்தேன்.

வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். என் மனைவி பாசத்தில் என் சொல்லை முடித்துவைப்பாள். வேண்டாமே என்றேன். இப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே காத்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் கவனம். வளர்ந்த ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறினால் அது வேறு விஷயம், பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனம் ரொம்பவே நொந்துபோனால் 14416, டெலி மானஸ். அரசின் இலவச எண், தமிழில் பேசலாம். போன் என்றாலே நடுங்குகிறவனுக்குப் போன் நம்பரா என்பீர்கள். முதல் வாக்கியம்தான் கையில் இருக்கிறதே: “எனக்குத் திக்கும்.”

போன திங்கட்கிழமை ‘கா’வில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். பஸ் அடுத்த நிறுத்தத்துக்கே வந்துவிட்டது. காட்டூர் என்று முடித்து ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்டக்டர் முகம் சுளித்தார், “சில்லறை இல்லையா சார்?”