சீக்காளியோட சின்ன வயசு ஆசைய நிறைவேத்தணுமா, இத பாத்துக்கங்க

எங்க சித்திக்கு கேன்சர் முத்திப்போச்சு, இனி வலிக்கு மட்டும்தான் மருந்துன்னு சொல்லிட்டாக. அன்னைக்கு ராத்திரி அவுகளா கேட்டது, "எங்க ஐயா வள்ளத்துல ஒரு தடவ ஏறணும்னு எம்புட்டு அழுதிருப்பேன், பொம்பளப்புள்ள ஏறக்கூடாதுன்னு கரையிலயே விட்டுட்டு போயிருவாருடா."

மொதல்ல ஆசைய முழுசா கேளுங்க. நாங்க பாட்டுக்கு தீவு வரைக்கும் போலாம்னு பிளான் போட்டோம், அது எங்க ஆசை, சித்திக்கு வேண்டியது கடல்ல இருந்து கரைய பாக்கணும், அம்புட்டுத்தான். அதுக்கு கால் மணி நேரம் போதும்.

டாக்டர்ட்ட "இன்னும் எத்தன நாள்"னு மட்டும் கேக்காம, எந்த நேரத்துல தெம்பா இருப்பாக, வழியில வலி வந்தா கூடுதலா எவ்வளவு குடுக்கலாம்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. கடுமையான வலிக்கு குடுக்குற சாதா மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருக்கா, போட்டு அரை மணி ஒரு மணி கழிச்சுத்தான் நல்லா கேக்கும், அதுக்கு தக்கன கெளம்புங்க. மாத்திரைய ஆரம்பிச்ச மொத நாலஞ்சு நாள் தூக்கமும் வாந்தியும் இருக்கும், அப்ப வேணாம் (நாங்க அவசரப்பட்டு கூட்டிப்போயி பாதி வழியில திரும்புனோம்). மலச்சிக்கலுக்கு மருந்து கூடவே ஓடணும், இத யாரும் பெருசா சொல்ல மாட்டாக ஆனா அதான் ஆளையே முடக்கிரும். மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசு திட்டத்துல வீட்டுக்கு வர்ற நர்ஸ்கிட்டயும் கேக்கலாம்.

அப்புறம் காத்து. கச்சான், அதான் தென்மேற்கு காத்து, அடிக்கிற ஆனி, ஆடியில மன்னார் வளைகுடா பக்கம், அதான் நம்மாளுக ஆண்கடல்னு சொல்றது, கொந்தளிக்கும், பாக் ஜலசந்தி பக்கம் அமைதியா கெடக்கும். வாடைக்காத்துல அப்படியே தலைகீழ். நாங்க பாக் ஜலசந்தி கரையில இருக்குற தொண்டி பக்கம் விடியக்காலைல போனோம், வெயிலுக்கு முன்னாடி.

லைஃப் ஜாக்கெட்ட வீட்டுலயே போட்டு பாத்துருங்க, சித்திக்கு வயித்துல வார் அழுத்தி வலிச்சுச்சு, தளர்த்தி உள்ள துண்டு வச்சோம். பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேரு முட்டளவு தண்ணியில தூக்கிட்டு போயி ஏத்துனோம். படகுக்காரருக்கு வியாதிய மறைக்காதீக, அவரு அலைய பாத்து மெதுவா எடுத்தாரு.

சித்தி திரும்பி கரைய பாத்தாக, ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "நம்ம ஊரு இம்புட்டுத்தானாடா"ன்னாக.

மறுநாளே அடுத்தது என்னன்னு கேட்டுருங்க. எங்க சித்தி கேட்டது நண்டு ரசம். நாலு ஸ்பூன் இறங்குச்சு.