மலை ரயில் எஞ்சினைப் பார்க்கப் போகிறீர்களா? ரயிலில் ஏறாதீர்கள்

செங்கோட்டை மலைப்பாதையில் நீராவி எஞ்சின் ஓடின காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். இப்போது அங்கே அகலப்பாதை, மின்கம்பி எல்லாம் வந்தாச்சு. நீராவி எஞ்சின் உண்மையாகவே மூச்சு வாங்கி வேலை செய்வதைப் பார்க்க நாம் ஊட்டி மலை ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும்.

முதல் தடவை நான் செய்த தப்பு, டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தது. ஊட்டி மலை ரயிலில் மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். குன்னூர் வரை நான் பார்த்தது முன் சீட்டுக்காரரின் மங்கி குல்லாயை மட்டும்தான்.

வண்டி வழக்கமாகக் காலை 7.10-க்குக் கிளம்பும், நேரத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெல்லையில் ராத்திரி ஏறி விடிந்து கோயம்புத்தூரில் இறங்கினால் கதை முடிந்திருக்கும். முந்தின நாளே போய்த் தங்கி, ஆறு மணிக்கெல்லாம் பிளாட்பாரம் டிக்கெட்டோடு கடைசிப் பெட்டிப் பக்கம் நில்லுங்கள். டிரைவர் எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு மூட்டாகக் குனிந்து பார்ப்பதும், கீழே வெந்நீர் சொட்டுவதும் கை எட்டும் தூரத்தில் தெரியும்.

அப்புறம் எஞ்சினின் சக்கரங்கள் பக்கம் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் (நீராவி உள்ளே போய்த் தண்டைத் தள்ளுகிற உருளை), ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கிளம்பும்போது கீழ் சிலிண்டரின் தண்டு மட்டும்தான் ஓடும், மேலே உள்ளது சும்மா இருக்கும். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கல்லாறு வந்ததும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கும், 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம், அந்தச் சட்டத்தில் எஞ்சினின் பல்சக்கரம் கடிக்கிற மாதிரி வண்டி ஊர்ந்து நுழைந்ததும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் அந்தப் பல்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிக்க, இதுவரை கேட்ட சத்தமே மாறிப்போகும். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். ஆனால் கல்லாறு யானை நடமாடும் இடம், தண்டவாளத்தில் நடப்பதும் குற்றம். ஸ்டேஷன் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் நில்லுங்கள்.

வடிவம் சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது என்றாலும், எக்ஸ் (X) என்று ரயில்வே பெயர் வைத்த இந்த எஞ்சின் வகையில் புதியவை சில திருச்சி பொன்மலையில் செய்தவை. எண்ணெயில் எரிகிறதும் உண்டு, கரி வாசனையை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள்.

கல்லாற்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் குன்னூரில் ரயிலை முந்திவிடலாம். அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பூட்டுவார்கள், ஊட்டி வரை அதுதான் கொண்டுபோகும். படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: சாயந்திரம் இறங்கும்போது எஞ்சின் முன்னால் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் திட்டம் போடாதீர்கள், மண் சரிந்தால் வண்டி ரத்து.