மரப்பெட்டிக்கு அலங்காரப் பட்டி பதிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தேக்கில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தேன். மூடியைச் சுற்றிப் பதிக்க, 6 மி.மீ. அகலம் என்று போட்டிருந்த அலங்கார மரப்பட்டியைச் சொல்லிவைத்தேன். அது வந்து சேர்வதற்குள் மரத்தைக் குடையும் ரூட்டர் இயந்திரத்தில் 6 மி.மீ. பிட்டை (வெட்டும் முனை) மாட்டி நாலு பக்கமும் காடி, அதாவது பட்டி உட்காரும் பள்ளம், எடுத்து முடித்தாயிற்று. வந்த பட்டியில் காலிப்பரை வைத்து அளந்தால் 6.4 மி.மீ. காடியை அகலப்படுத்தப் போய் ஓரமெல்லாம் பிசிறடித்தது. அந்த மூடியைக் காப்பாற்றவே முடியவில்லை.

பட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த 0.4 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பது புரியும். வெவ்வேறு நிற மரத்துண்டுகளைக் கோலத்துக்கு ஏற்ப ஒட்டிக் கனமான ஒரு கட்டையாக்கி, அதிலிருந்து சன்னமான சீவல்களாக அறுக்கிறார்கள். சூரத்தின் சதேலி வேலைப்பாட்டிலும் இதே உத்திதான்: குச்சிகளைக் கட்டாக ஒட்டிக் குறுக்கே சீவினால், ஒவ்வொரு சீவலிலும் அதே பூ. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் அகலம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் பட்டி கைக்கு வரும்வரை காடியில் கை வைக்காதீர்கள். வந்த பிறகும் நாலைந்து இடத்தில் அளந்து, அதே மரத்தின் கழிவுத்துண்டில் ஒரு காடி எடுத்துப் பொருத்திப் பாருங்கள். அகலத்துக்குச் சரியான பிட் இல்லையென்றால், சிறிய பிட்டை வைத்து, வழிகாட்டிக் கட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு முறை ஓட்டலாம்.

பொருத்தும்போது பட்டி இறுக்கமாக இருப்பதும் நல்லதல்ல. வெள்ளைப் பசையின் ஈரம் பட்டதும் பட்டி உப்பும். காய்ந்த நிலையிலேயே தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது என்றால், பசை தடவிய பிறகு பாதியில் நின்றுவிடும். விரலால் அழுத்தினாலே உள்ளே போக வேண்டும்.

பிளைவுட் கடையில் போய் ‘இன்லே பட்டி’ என்று மட்டும் கேட்டால் பித்தளை நிற உலோகப் பட்டியான டி புரொஃபைலையோ பலகை ஓரத்தில் ஒட்டும் பி.வி.சி. எட்ஜ் பேண்டையோ எடுத்துத் தரக்கூடும். மரப்பட்டி என்று சொல்லி விற்பதிலும் மேலே கோலத்தை அச்சடித்தது உண்டு. பட்டியின் அறுத்த முனையை வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் கறுப்பும் வெள்ளையும் மேலிருந்து அடிவரை போகும். அச்சில் மேல்தோலோடு நின்றுவிடும். உப்புத்தாள் பட்டதுமே காணாமல் போகும்.

நீளக் கணக்கில் ஏமாறுவது ரொம்பச் சுலபம். 300 × 200 மி.மீ. மூடியில் ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளிப் பதித்தால் சுற்றளவு 840 மி.மீ. மூன்று அடிப் பட்டி 914 மி.மீ. இருக்கிறதே, ஒன்று போதும் என்று தோன்றும். போதாது. நாலு மூலையிலும் 45 டிகிரியில் வெட்டும்போது கோலம் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கழிவு போகும், ஒரு துண்டாவது உடையும். ஒரே தொகுப்பில் இரண்டாக வாங்கிவிடுங்கள். பிறகு தனியாக வாங்கினால் அகலம் மட்டுமல்ல, நிறமும் ஒத்துவராது.

இந்தப் பட்டிகளில் பலவும் ஒரு மி.மீ.க்கும் குறைவான கனம்தான். காடியை ஆழமாக எடுத்துப் பட்டி பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால், சுற்றியுள்ள பலகை முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். ஒரு மயிரிழை மேலே துருத்தி நிற்கிற மாதிரி எடுங்கள். அதை ஸ்கிரேப்பரால் மெதுவாகச் சீவிச் சமப்படுத்தலாம். உப்புத்தாள் பட்டை சுழலும் பெல்ட் சாண்டரை வைத்தால் கோலமே போய்விடும்.

எல்லாம் சரியாக வந்தபின் பாலிஷில் கெட்டுப்போவதுதான் மனதை உடைக்கும். படாக், ஈட்டி போன்ற மரங்களின் சிவப்புச் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் அந்தச் சாயம் பக்கத்திலுள்ள வெள்ளைக் கோட்டில் இழுத்துக்கொண்டு போய் அப்பும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்திலிருந்து சாயம் இறங்குவது அப்படித்தான். முதல் இரண்டு பூச்சை மெல்லிய ஸ்ப்ரேயாக அடித்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட வேண்டியிருந்தால் சிவப்புத் தூளை வெள்ளையின் மேல் தேய்க்காமல், அவ்வப்போது உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எளிய கறுப்பு வெள்ளைக் கோடு போதும் என்றால் கிட்டார் செய்பவர்களுக்கான பொருட்களில் பர்ஃப்ளிங் (ஓரத்தில் பதிக்கும் மெல்லிய கோட்டுப்பட்டி) என்று தேடிப் பாருங்கள், பல அளவுகளில் வருகிறது. நீங்களே அறுத்துக்கொள்வதாக இருந்தால் வெள்ளைக்கு வெட்பாலை அருமையான மரம். சன்னபட்டணம் பொம்மைகளை வழிவழியாகச் செய்வது இதில்தான்: ரேகை தெரியாத, தந்தம் போன்ற வெண்மை. கறுப்புக்குக் கருங்காலி. மரக்கடையில் இதற்காகப் பெரிய கட்டை கேட்க வேண்டியதில்லை, ஒரு முழ நீளக் கழிவுத்துண்டிலேயே ஒரு பெட்டிக்கு வேண்டிய கோடுகள் கிடைத்துவிடும்.