பூடான் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

‘விசா வேண்டாம்’ என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பிப் பூடானுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. விசா வேண்டாம்தான், ஆனால் பர்மிட் வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தே ஆக வேண்டும். ஆதாரை நீட்டினால் எடுபடாது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழின் அசல்.

அப்புறம் பணம். இந்தியர்கள் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அந்த அரசுக்குக் கட்ட வேண்டும், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. பெரியவர்கள் நான்கு பேர் ஆறு இரவு தங்கினால் இதுவே 28,800 ஆகிவிடும், அறை வாடகையும் வண்டியும் தனி. பேக்கேஜ் மலிவாகத் தெரிந்தால் இந்தக் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதற்காக நாளைக் குறைத்துக்கொண்டு திம்பு, புனாக்கா, பாரோ எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடிப் பார்ப்பது அதைவிட மோசம். முழுக்க மலைப்பாதை, பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

இருப்பதிலேயே பெரிய சொதப்பல் நடப்பது பாரோ தக்சாங் மடாலயத்தில்தான். சுமார் 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மடம் அது. ‘குதிரை இருக்கிறதே’ என்று முட்டி வலிக்காரர்களைத் தைரியமாக அழைத்துப் போகிறார்கள். குதிரை கிடைப்பது மலை ஏறும்போது மட்டும், அதுவும் பாதி வழியில் இருக்கிற உணவகம் வரைக்கும்தான். அதற்கு மேல் நடை, கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் கீழே இறங்கி, அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும், திரும்பும்போது அதே படிகள் இன்னொரு தடவை! வந்து இறங்கிய மறுநாளே இதில் கை வைக்காமல், உடம்பு உயரத்துக்குப் பழகியபின் கடைசி நாளில் வைத்துக்கொண்டு, காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மடத்துக்குள் போன், கேமரா, பை எதற்கும் அனுமதி கிடையாது, வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விட மாட்டார்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தொப்பியைக் கழற்றிவிடுங்கள். அங்கே கையால் சுழற்றும் பிரார்த்தனை உருளைகளைச் சுற்றுவதும் ஸ்தூபியை வலம் வருவதும் நம் கோயில் பிரதட்சிணம் போகும் அதே திசையில்தான்.

சாப்பாட்டில், எமா தட்ஷியை வெறும் சீஸ் அயிட்டம் என்று ஆர்டர் செய்துவிடாதீர்கள். அதில் மிளகாய்தான் காய். காரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்ஷி கேட்கலாம், சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: மலைகளுக்கு நடுவே இருக்கிற பாரோ விமான நிலையத்தில் கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார்கள், வானிலை கெட்டால் விமானம் தாமதமாகும், ரத்தும் ஆகும். அன்றைக்கே சென்னைக்கு அடுத்த டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வையுங்கள்.

அங்கே நம் ரூபாயும் அவர்களுடைய நுல்ட்ரமும் சம மதிப்பு, நம் நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள். எல்லையோர ஊர்களைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அவர்கள் நோட்டை வாங்க ஆள் இல்லை, மிச்சத்தைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.